எதிர்னே: இசை மருந்தான இல்லம்

மனிதனின் உடலுக்கு வரும் நோய்களைப் பிறர் காண முடியும். காய்ச்சல் கண்டவனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். கால் முறிந்தவனின் கட்டைக் கண்ணால் காணலாம். ஆனால் உள்ளத்தில் வந்து அமரும் பாரத்தை எவரும் தொட்டுப் பார்த்து அறிய இயலாது. கடன் சுமையால் உறக்கம் இழந்த தந்தை, கணவன் வளைகுடாவில் இருக்கக் குடும்பப் பொறுப்பைத் தனியே தாங்கும் மனைவி, தேர்வை எண்ணி நடுங்கும் பிள்ளை ஆகியோர் யாவரும் நம் இல்லங்களிலேயே இருக்கின்றனர். இத்தகைய உள்ளங்களுக்கு இதமளிக்க நம் முன்னோர் என்ன செய்தனர் என்று வினவினால், அதற்குக் கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பப்பட்ட விடையொன்று துருக்கி நாட்டின் எல்லையில் இன்றும் நின்று கொண்டிருக்கிறது. வாசகப் பெருமக்களே! அந்த விடையைக் காண இக்கட்டுரையின் வழியே உங்களை எதிர்னே நகருக்கு அழைத்துச் செல்கிறேன்.

மூன்று ஆறுகளின் நகரம்

உம்ராவை நிறைவு செய்து இஸ்தான்புல் வழியாகத் திரும்பும் நம்மவர்களுள் பெரும்பாலோர் ஆயா சோபியாவையும் நீலப் பள்ளிவாசலையும் கண்டு, கடைவீதியில் பேரீச்சையும் இனிப்பும் வாங்கிக் கொண்டு விமானம் ஏறி விடுகின்றனர். அங்கிருந்து வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் சென்றால் எதிர்னேயை அடையலாம் என்பதை அவர்களுள் அறிந்தோர் குறைவு. இருமருங்கும் சூரியகாந்தி வயல்கள் விரிந்து கிடக்கும் நெடுஞ்சாலை அது. கிரேக்க நாட்டின் எல்லையும் பல்கேரிய நாட்டின் எல்லையும் அந்நகருக்கு மிக அண்மையில் உள்ளன. துன்ஜா, மெரிச், அர்தா என்னும் மூன்று ஆறுகள் அங்கே ஒன்று கூடுகின்றன.

உரோமப் பேரரசன் ஹட்ரியன் பெயரால் அட்ரியானோபிள் என வழங்கப்பெற்ற இந்நகரம், 14ஆம் நூற்றாண்டில் உதுமானியர் வசமாயிற்று. 1453ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டினோபிள் வெற்றி கொள்ளப்படும் வரை இதுவே அவர்தம் தலைநகராக விளங்கியது. அவ்வெற்றிக்கு உரியவரான சுல்தான் இரண்டாம் முஹம்மது பிறந்ததும் இந்நகரிலேயே ஆகும்.

நகரின் நடுமேட்டில் செலிமிய்யா பள்ளிவாசல் வீற்றிருக்கிறது. கட்டடக் கலையின் பேராசான் சினான், தம் முதுமையில், 1575ஆம் ஆண்டில் நிறைவு செய்த பள்ளிவாசல் இது. தம் படைப்புகளுள் தலைசிறந்ததென அவரே இதனைக் கருதினார். 31 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுடைய ஒரே குவிமாடம், வானமே இறங்கி வந்து கவிந்தாற்போல் தலைக்கு மேல் விரிகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2011ஆம் ஆண்டில் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கோசை அதன் நான்கு மினாராக்களிலிருந்தும் எழும்போது, ஓசை நுட்பம் அறிந்தோர் ஒன்றைக் கவனிப்பர். உதுமானிய மரபில், பாங்கின் சொற்கள் மாறுவதில்லை; ஆனால் அதன் இராகம் வேளைக்கு வேளை மாறும். அதிகாலைப் பாங்கு ‘ஸபா’ என்னும் மகாமில் அமைகிறது. அஸர் வேளையில் ‘ராஸ்த்’, மஃரிப் வேளையில் ‘ஸேகாஹ்’ என மாறி வருகிறது. நம் நாட்டில் காலைக்கு ஒரு இராகம், மாலைக்கு ஒரு இராகம் என்று சொல்வதைப் போன்றதே இதுவும். மகாம் என்பதை அரபு, துருக்கி நாட்டார் கையாளும் இராக முறை எனக் கொள்ளலாம்.

துன்ஜா ஆற்றின் மறுகரை

இந்தப் பெரிய பள்ளிவாசலை விட்டு இறங்கி, நகரின் ஓசை அடங்கும் எல்லை வரை சென்று, துன்ஜா ஆற்றின் பழைய கற்பாலத்தைக் கடந்தால் மறுகரையில் ஒரு காட்சி விரிகிறது. ஏறத்தாழ நூறு சிறு குவிமாடங்கள், கவிழ்த்து வைத்த கிண்ணங்களைப் போல் வரிசை வரிசையாகத் தோன்றுகின்றன. அவற்றின் நடுவே இரு மினாராக்களுடன் ஒரு பள்ளிவாசல் நிற்கிறது. இதுவே சுல்தான் இரண்டாம் பாயஸீத் அமைத்த அறக்கட்டடத் தொகுதி ஆகும்.

1484ஆம் ஆண்டில் போர்ப் பயணமாகச் சென்று கொண்டிருந்த சுல்தான் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1488ஆம் ஆண்டில் பணி நிறைவுற்றது. பள்ளிவாசல், ஏழைகளுக்கு உணவளிக்கும் சமையற்கூடம், மருத்துவக் கல்வி புகட்டும் மதரஸா, நோயாளரைப் பேணும் ‘தாருஷ்ஷிஃபா’ ஆகிய யாவும் ஒரே வளாகத்தில் அமைந்தன. மக்கள் இந்தச் சுல்தானை ‘பாயஸீத் வலி’ என்றே அழைத்தனர். ‘ஷிஃபா’ என்னும் சொல்லுக்கு நோய் நீக்கம் என்பது பொருள். தாருஷ்ஷிஃபா என்றால் நோய் தீர்க்கும் இல்லம். மதரஸாவில் பாடம் படித்த மாணவன், முற்றத்தைக் கடந்து சென்று நோயாளியின் அருகில் நின்று பயிற்சி பெற்றான் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்றைய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அமைப்பும் இதுவேயன்றோ!

இவை அனைத்தும் வக்பு வருமானத்தைக் கொண்டு நடைபெற்றன. செல்வந்தர் தம் நிலத்தையும் கடையையும் அல்லாஹ்வுக்காக ‘நிறுத்தி’ வைத்தனர். அதன் விளைச்சல் நோயாளியின் கஞ்சியாகவும் மருந்தாகவும் மாறியது. நோயுற்றவர் செல்வரா, வறியவரா என்னும் வினா அங்கே எழவில்லை.

தண்ணீரும் இசையும் கலந்த மண்டபம்

மருத்துவமனையின் இரு முற்றங்களைக் கடந்து உள்ளே சென்றால் அறுகோண வடிவிலான ஒரு மண்டபத்தை அடைகிறோம். உயர்ந்த குவிமாடத்தின் உச்சியில் ஒளி புக வழி உண்டு. நடுவே ஒரு நீரூற்று. அதனைச் சுற்றிலும் நோயாளர் தங்கும் அறைகளும், முன்புறம் திறந்த திண்ணை போன்ற இடங்களும் மாறி மாறி அமைந்துள்ளன. அத்திண்ணைகளுள் ஒன்று இசைக் கலைஞர்களுக்கெனச் சற்றே உயர்த்திக் கட்டப்பட்டதாகும்.

அம்மண்டபத்தில் ஒருவர் மெல்லப் பேசினாலும் அவ்வொலி குவிமாடத்தைத் தொட்டு, எல்லா அறைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் சென்று சேர்கிறது. ஒலிபெருக்கி என்பதையே அறியாத காலத்தில், படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிக்கும் இசை சென்று சேரும் வண்ணம் கட்டடமே ஒரு கருவியாக அமைக்கப்பட்டது. நீரூற்றின் ஓசை அதற்குச் சுருதியாக நின்றது. இன்று அங்கே மெழுகுப் பொம்மைகளாக இசைவாணரும் மருத்துவரும் நோயாளரும் அமர்ந்திருக்க, புல்லாங்குழலை ஒத்த ‘நேய்’ என்னும் கருவியின் இசையை ஒலிக்கச் செய்கின்றனர். எங்களுடன் வந்த குழுவினரில், வெளியே சளசளவென்று பேசிக் கொண்டிருந்தவர்கள்கூட, அந்த மண்டபத்தில் நுழைந்ததும் எவரும் சொல்லாமலேயே குரலைத் தாழ்த்திக் கொண்டனர். அதுவே அக்கட்டடத்தின் திறனுக்குச் சான்றாகும்.

ஒரு ஹாஃபிழின் பயணக் குறிப்பு

இங்கே நடைபெற்ற இசை மருத்துவத்தைப் பற்றி நாம் அறிவது எவ்லியா செலபி என்னும் பயண எழுத்தாளரின் வாயிலாக. 1611ஆம் ஆண்டில் இஸ்தான்புல்லில் பிறந்த இவர் திருக்குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ்; இனிய குரல் வாய்ந்தவர். ஆயா சோபியாவில் இவர் ஓதியதைச் செவியுற்ற சுல்தான் நான்காம் முராத், இவரை அரண்மனைப் பணியில் சேர்த்துக் கொண்டார். வாழ்நாளின் பெரும் பகுதியைப் பயணத்திலேயே கழித்து, பத்துப் பாகங்கள் கொண்ட பயண நூலை எழுதி வைத்தார். ஓசையின் நயம் அறிந்த ஒருவர் என்பதால் இவர் தரும் செய்திகளுக்குத் தனி மதிப்பு உண்டு. எனினும் சில இடங்களில் மிகைப்படக் கூறும் இயல்புடையவர் என்பதையும் வரலாற்றறிஞர் சுட்டுவர்.

17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எதிர்னேக்கு வந்த எவ்லியா தரும் செய்தி இது: மனநோயாளருக்காகவும் பிற நோயாளருக்காகவும் பத்து இசைக் கலைஞர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுள் மூவர் பாடகர். ஏனையோர் நேய், ஊத், சந்தூர் முதலிய கருவிகளை வாசிப்போர். வாரத்திற்கு மூன்று முறை இவர்கள் வந்து இசைத்தனர். எந்தெந்த மகாம்கள் நோயாளருக்கு இதமளித்தன என்பதையும் அவர் குறித்துள்ளார். இசை மட்டுமன்று, நறுமண மலர்களை நோயாளரின் கையில் கொடுத்து முகரச் செய்ததையும், அவரவர் நோய்க்கேற்ற உணவு சமைக்கப்பட்டதையும் அவர் சொல்கிறார். செவிக்கு இசை, மூக்கிற்கு மணம், கண்ணுக்குத் தோட்டம், நாவிற்குச் சத்துணவு எனப் புலன்கள் வழியாகவே உள்ளத்தை அணுகினர் என்பது தெளிவாகிறது.

எதிர்னே இத்துறையில் முதல் இல்லமும் அன்று. திமிஷ்கு நகரில் 1154ஆம் ஆண்டில் நூருத்தீன் ஸங்கீ அமைத்த மருத்துவமனையும், கெய்ரோவில் 1284ஆம் ஆண்டில் சுல்தான் கலாவூன் அமைத்த மருத்துவமனையும், அலெப்போவில் 1354ஆம் ஆண்டில் எழுந்த அர்கூன் மருத்துவமனையும் இம்மரபின் மூத்த கிளைகளாகும். முற்றமும் நீரும் இவற்றில் பொதுவாகக் காணப்படுகின்றன.

நாடியும் தாளமும்

இசைக்கும் மருத்துவத்திற்கும் என்ன தொடர்பு என்னும் கேள்வியை முஸ்லிம் பேரறிஞர்கள் மிக முற்காலத்திலேயே ஆராய்ந்தனர். 9ஆம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் அல் கிந்தீ இசையைப் பற்றிப் பல நூல்கள் எழுதினார். 10ஆம் நூற்றாண்டில் அல் ஃபாராபீ ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூலை யாத்தார். மருத்துவ மேதை இப்னு ஸீனா, மனிதனின் நாடித் துடிப்பில் இசைக்குரிய ஒழுங்கு உண்டு என்று தம் ‘அல் கானூன்’ நூலில் விளக்கினார். நாடியில் தாளத்தைக் கண்ட மருத்துவர், தாளத்தால் நாடியைச் சீராக்க இயலுமா என்று சிந்தித்ததில் வியப்பில்லை.

அல் கிந்தீயைப் பற்றி இப்னுல் கிஃப்தீ என்னும் வரலாற்றாசிரியர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அல் கிந்தீயைப் பழித்துத் திரிந்த வணிகர் ஒருவரின் மகன் திடீரென நினைவிழந்து வீழ்ந்தான். தந்தையின் வணிகக் கணக்கெல்லாம் அம்மகனின் கையில் இருந்தது. வேறு வழியின்றி வணிகர் அல் கிந்தீயையே நாடினார். அவர் ஊத் வாசிப்பதில் தேர்ந்த தம் மாணவர்களை வரவழைத்து, நோயாளியின் தலைமாட்டில் இடைவிடாது வாசிக்கச் செய்தார். நோயாளியின் நாடி சிறிது சிறிதாக வலுப்பெற்றது. அவன் எழுந்து அமர்ந்து பேசவும் செய்தான். தந்தை கேட்ட கணக்குகளையெல்லாம் சொல்லி முடித்தான். பின்னர் இசை பிறழ்ந்தது. அவன் பழைய நிலைக்குத் திரும்பி இறந்து போனான். அவனது ஆயுளில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான், அதனை நீட்டுவது மனிதனின் கையில் இல்லை என்ற கருத்தையே அல் கிந்தீ மறுமொழியாகக் கூறினார்.

இதனை வரலாறு எனக் கொண்டாலும் கதை எனக் கொண்டாலும், இதில் ஒரு நேர்மை உண்டு. இசை எல்லா நோயையும் தீர்க்கும் என்று அது முழங்கவில்லை. இசை எதுவரை செல்லும், எங்கே நின்று விடும் என்னும் எல்லையையும் சேர்த்தே சொல்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இவ்விடத்தில் வாசகர் பலரின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்திருக்கும். இசைக்கு மார்க்கத்தில் இடம் உண்டா என்பதே அது. இதனைத் தவிர்த்து விட்டு மேலே செல்வது முறையன்று.

இசைக் கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உள்ளது. நான்கு மத்ஹபுகளின் சட்ட அறிஞர் பலர் பெரும்பாலான கருவிகளை விலக்கியுள்ளனர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம், விலக்குவதற்கான ஆதாரங்கள் வலுவுடையன அல்ல என்று வாதிட்டார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ ‘இஹ்யா’ நூலில் இதற்கெனத் தனியொரு பகுதியையே ஒதுக்கி, கேட்பவரின் நிலை, பாடலின் பொருள், சூழல் ஆகியவற்றைப் பொறுத்துத் தீர்ப்பு வேறுபடும் என விரிவாக ஆராய்ந்தார். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நீங்கள் எந்நிலையைப் பின்பற்றினாலும், இனிய ஓசை உள்ளத்தை அசைக்கிறது என்பதில் இவ்வறிஞர்கள் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் ஓதிய கிராஅத்தின் இனிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாவூது நபி (அலை) அவர்களின் குரல் வளத்தோடு ஒப்பிட்டுப் பாராட்டியதை நாம் அறிவோம். பெருநாள் தினத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் பாடியதைத் தடுக்க முற்பட்டவரை, அவர்களை விட்டு விடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதும் நபிமொழித் தொகுப்புகளில் காணக் கிடைக்கிறது. கருவிகளை ஏற்காதவரின் இல்லத்திலும் இனிய ஓசைக்கு வாயில் அடைபடவில்லை.

ஒரே மகாம், பல வாயில்கள்

எதிர்னேயின் மற்றொரு சிறப்பையும் குறிப்பிட வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் முராத் கட்டிய முராதிய்யா, மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் வழிவந்த மௌலவிய்யா தரீக்காவினரின் இல்லமாகத் தொடங்கியது. அங்கே நேய் இசை முழங்கியது. படை முகாம்களில் முரசும் ஸுர்னாவும் கொண்ட மெஹ்தர் இசை அதிர்ந்தது. 1492ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களைப் பாயஸீத் தம் நாட்டில் ஏற்றுக் கொண்டார். அவர்களுள் பலர் எதிர்னேயில் குடியேறினர். காலப்போக்கில் அந்நகர யூதர்கள் தம் எபிரேய வழிபாட்டுப் பாடல்களை உதுமானிய மகாம்களிலேயே பாடலாயினர். ‘மஃப்திரிம்’ என்னும் அம்மரபு இசையறிஞர்களிடையே புகழ் பெற்றது. பாங்கிற்கு ஒலித்த மகாமே தரீக்கா இல்லத்திலும், யூதர் ஆலயத்திலும், நோயாளியின் அறையிலும் ஒலித்தது. காலமும் சமயமும் மொழியும் வேறுபட்டாலும், களைத்த உள்ளம் இளைப்பாறும் வழி பெரிதும் ஒன்றாகவே இருக்கிறது என்பதற்கு இந்நகரம் ஓர் எடுத்துக்காட்டு.

இடைவெளியின் இனிமை

இன்றைய ஆய்வுகள் இது பற்றி என்ன கூறுகின்றன? இத்தாலி நாட்டின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இசை பயின்றோர் 12 பேர், பயிலாதோர் 12 பேர் என 24 பேருக்கு, மேனாட்டுச் செவ்வியல் இசை, இந்திய இராகம், ராப், டெக்னோ என வெவ்வேறு காலத்தையும் வகையையும் சேர்ந்த ஆறு விதமான இசைகளை ஒலிக்கச் செய்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். எந்த வகை இசை என்பதைக் காட்டிலும், அது விரைந்து செல்கிறதா, மெல்லச் செல்கிறதா என்பதே உடலைப் பெரிதும் பாதித்தது. விரைவான இசை துடிப்பையும் மூச்சையும் உயர்த்தியது.

இவ்வாய்வில் கிடைத்த மற்றொரு முடிவு மிகச் சுவையானது. இசைகளுக்கு நடுவே இரண்டு நிமிட மௌனத்தை அவர்கள் புகுத்தியிருந்தனர். அந்த மௌனத்தின்போது கேட்போரின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும், இசை தொடங்குமுன் இருந்த அளவைவிடவும் தாழ்ந்தன. இசையைக் காட்டிலும் இசைக்குப் பின் வரும் இடைவெளியே உடலுக்கு மிகுந்த ஓய்வை அளித்தது!

தஜ்வீத் பாடம் நடத்தும் எவருக்கும் இச்செய்தி மகிழ்வூட்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தலாகாது என்பதற்கான அடையாளங்கள் திருமறையின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளன. அந்நிறுத்தத்திற்கு ‘வக்பு’ என்றே பெயர். நிலத்தையும் கடையையும் அறத்திற்காக நிறுத்தி வைப்பதற்கும் வக்பு என்றே பெயர். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. எதிர்னே மருத்துவமனை ஒரு வக்பால் நடந்தது. அங்கே நோயாளி மற்றொரு வக்பால் இளைப்பாறினான்.

அதே பெர்னார்டி குழுவினர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கிறித்தவரின் ஜபமாலை வேண்டுதலையும் யோக மந்திரத்தையும் சீராக ஓதும்போது மூச்சு நிமிடத்திற்கு ஆறு முறை என்னும் அளவிற்கு மெதுவாகி, இதயத்தின் ஒழுங்கு மேம்படுவதைக் கண்டனர். தஸ்பீஹ் மணிகளை மெல்ல உருட்டித் திக்ரு செய்வோர் தம் மூச்சின் நடையைக் கவனித்தால், இதன் பொருளை உணர்வர். மேலும் 2015ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, 73 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்து, அறுவைச் சிகிச்சை செய்து கொண்டோருக்கு இசை வலியையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்று காட்டியது. எதிர்னேயில் அனுபவத்தால் அறிந்ததை, இன்று அளவுகோல் கொண்டு அளக்கின்றனர்.

பொற்சங்கிலியும் இரும்புச் சங்கிலியும்

எதிர்னேயை வெறும் புகழ்மாலையாக்கி முடித்து விடுதல் நேர்மையாகாது. எவ்லியா செலபியின் குறிப்பில் மலரும் இசையும் உள்ளதைப் போலவே சங்கிலியும் உள்ளது. கட்டுக்கடங்காத சில நோயாளரைக் கழுத்தில் சங்கிலி பூட்டிப் பிணைத்திருந்ததை அவர் மறைக்கவில்லை. அது பொன்னும் வெள்ளியும் பூசிய சங்கிலி என்று அவர் அலங்கரித்துச் சொன்னாலும், சங்கிலி சங்கிலியே. எனினும் அங்கே பிணைக்கப்பட்டவனின் அருகில் மருத்துவர் இருந்தார். வேளைக்கு உணவு வந்தது. வாரத்தில் மூன்று நாள் இசை வந்தது.

இதைப் படிக்கும்போது தமிழ் முஸ்லிம் ஒருவரின் நெஞ்சில் ஏர்வாடியின் நினைவு எழாமல் இராது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு, மனநோயாளரை அழைத்துச் செல்லும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓடித் தப்ப அவர்களால் இயலவில்லை. 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று தெளிவாக விலக்கியது. ஏர்வாடியிலேயே, துஆவுடன் மருந்தும் சேரும் வண்ணம் அரசு மருத்துவர்கள் சேவை புரியும் ஏற்பாடும் உருவாயிற்று.

15ஆம் நூற்றாண்டில் மனநோயாளிக்கென்று அறுகோண மண்டபமும் நீரூற்றும் பாடகரும் அமைத்த சமுதாயத்தின் வழிவந்தோர் நாம். அவ்வாறிருக்க, நம் காலத்தில் ஒரு கூரைக் கொட்டகையும் சங்கிலியுமே அவர்களுக்கு எஞ்சியது ஏன்? வறுமை ஒரு காரணம். மருத்துவர் பற்றாக்குறை மற்றொரு காரணம். ஆனால் இவை இரண்டினும் பெரிய காரணம் வெட்கம். மகனுக்கு மனநோய் என்று வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்னும் அச்சம். அந்த அச்சத்தால் நோயாளியை ஊர் கடந்து கொண்டு போய் விட்டு வருகிறோம். பாயஸீத் தம் மருத்துவமனையைப் பள்ளிவாசலின் பக்கத்திலேயே கட்டினார் என்பதை இங்கே நினைவு கூருங்கள். தொழ வருவோர் கண்ணெதிரே நோயாளர் இருந்தனர், ஒளித்து வைக்கப்படவில்லை.

நம் இல்லங்களில்

பெரும் மருத்துவமனை கட்ட இயலாவிடினும், நம் இல்லத்தில் ஒரு சிறு தாருஷ்ஷிஃபாவை அமைக்க நம்மால் இயலும். நம்மிடம் ஓசைச் செல்வத்திற்குப் பஞ்சமில்லை. பாரிச வாயுவால் வீழ்ந்திருந்த இமாம் பூஸீரீ (ரஹ்) அவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் புர்தா ஷரீஃபு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்கள் 19ஆம் நூற்றாண்டின் தமிழ்ச் செல்வம். 2015ஆம் ஆண்டில் மறைந்த நாகூர் இ.எம். ஹனீஃபா அவர்களின் கம்பீரக் குரலைக் கேளாத தமிழ் முஸ்லிம் இல்லம் இல்லை எனலாம். இவற்றோடு நம் பாட்டிமாரின் தாலாட்டும், ஹாஃபிழ்களின் கிராஅத்தும் உள்ளன.

இவற்றைக் கேட்கும் முறையில் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். மன இறுக்கம் மிகுந்த வேளையில் மெல்ல நடக்கும் ஓசையைத் தேர்ந்தெடுங்கள். ஒலியைத் தாழ்வாக வையுங்கள். பின்னணியில் முழங்க விட்டு வேறு பணி பார்ப்பதை விட, பத்து நிமிடமேனும் அமர்ந்து கேளுங்கள். முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாமல், இரண்டு நிமிடம் மௌனமாக இருங்கள். முதியவருக்கு அவரது இளமைக் காலத்து ஓசையைக் கேட்கச் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்ததை அவர்மேல் திணிக்காதீர்கள். பிள்ளைகள் கேட்பது உங்களுக்கு இரைச்சலாகத் தோன்றினும், முதலில் உடன் அமர்ந்து கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

ஆனால் அல் கிந்தீயின் நிகழ்ச்சி உணர்த்திய எல்லையை மறவாதீர்கள். வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது ஆகியவை தென்பட்டால், இசையோ ஓதிப் பார்ப்பதோ மட்டும் போதாது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். நடுவண் அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்தால் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி என்பதை மறந்து விட வேண்டாம்.

துன்ஜா ஆற்றங்கரை மருத்துவமனை, 1877ஆம் ஆண்டில் தொடங்கிய உருசியப் போருக்குப் பின் நலிந்து, பின்னர் பாழடைந்தது. 1984ஆம் ஆண்டில் திரேஸ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1997ஆம் ஆண்டு முதல் மருத்துவ அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருதும் அதற்குக் கிடைத்தது. பாழடைந்த கட்டடத்தைச் செப்பனிட அவர்களால் இயன்றது. அதனுள் குடியிருந்த கருணையைச் செப்பனிடுவது நம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.

உங்கள் தெருவிலோ உறவிலோ உள்ளம் நலிந்த ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரைச் சென்று காணுங்கள். அறிவுரை வேண்டாம், அருகில் அமருங்கள், அவர் பேசினால் கேளுங்கள். கேட்பதும் ஒரு மருந்தே. நலிந்த உள்ளங்கள் அனைத்திற்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.